வகுப்பறைக்கு வெளியே மாணவர் ஆற்றும் பணியையும் அடையும் வளர்ச்சியையும் எப்படிப் பதிவு செய்வது?

நிழற்குடை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துவதோடு, மாணவர் மன்றங்களின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பையும் கவனித்து வருகிறேன். வரும் கல்வியாண்டு முதல், பட்டம் பெற்று வெளியேறும் ஒவ்வொருவருக்கும் மதிப்பெண் பட்டியலோடு, அவர் வகுப்பறைக்கு வெளியே ஆற்றிய பணிகளைக் காட்டும் பதிவு ஒன்றையும் வழங்குவதென்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. அதற்கான வரைவைத் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது எங்கள் கையில் இருப்பவை வருகைத் தாள்களும், நிகழ்ச்சி முடிந்தவுடன் வாட்ஸ்அப் குழுவில் வந்து குவியும் படங்களும், வந்தவர் அனைவருக்கும் ஒரே வாசகத்துடன் அச்சிட்டுக் கொடுத்த சான்றிதழ்களும்தாம். குழுவில் முதலில் எழுந்த யோசனை புள்ளி முறை. கூட்டத்துக்கு வந்தால் இத்தனை புள்ளி, மன்றச் செயலாளராக இருந்தால் இத்தனை புள்ளி, படிப்பு முடியும்போது எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாகப் போட்டுக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். கணக்கிட எளிது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தவருக்கும், அதே அரங்கில் ஒலிபெருக்கி பழுதானபோது ஓடியாடி மாற்று ஏற்பாடு செய்தவருக்கும் அந்த முறையில் ஒரே புள்ளிதான் விழும் என்பது என்னை உறுத்துகிறது.

எவற்றைப் பதிவில் சேர்ப்பது, சேர்த்தவை உண்மை என்று யார் உறுதி செய்வது, எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு மாணவர் வளர்ந்திருக்கிறார் என்பதைத் தாளில் காட்டத்தான் முடியுமா என்ற கேள்விகளுக்கு அனுபவம் உள்ளவர்கள் சற்று விரிவாகவே பதில் எழுதினால் நன்றியுடையவனாவேன்.

---

பழஞ்சுவடி எழுதியது:

வணக்கம் ஐயா. கல்விப் பதிவுகள் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடைசிக் கேள்விக்கான பதில்தான் முதல் இரண்டையும் தீர்மானிக்கும் என்பதால் அங்கிருந்தே தொடங்குவோம். ஒருவர் வந்தார் என்பது வேறு, ஒன்றைச் செய்தார் என்பது வேறு, செய்ததனால் மாறினார் என்பது வேறு. வந்ததற்கு வருகைத் தாள் போதும். செய்ததற்கு, அதை நேரில் பார்த்த ஒருவருடைய கையொப்பம் வேண்டும். மாறியதற்கோ மாணவருடைய சொந்தக் கூற்றும், அந்தக் கூற்றைத் தாங்கி நிற்கும்படி முன்னும் பின்னுமாக இரண்டு காலங்களில் அவர் செய்த வேலையின் மாதிரிகளும் வேண்டும். உங்கள் குழுவின் புள்ளி முறை இம்மூன்றையும் ஒரே தராசில் போட்டு நிறுக்கப் பார்க்கிறது; உங்களை உறுத்துவது அதுதான்.

இது இன்று நேற்று எழுந்த சிக்கல் அன்று. மாணவர் வளர்ச்சியைக் காட்டுவதற்கென்று தனி ஆவணம் தேவை என அமெரிக்காவில் ராபர்ட் பிரவுன், ரிச்சர்ட் சிட்ரின் ஆகிய இருவரும் 1977ஆம் ஆண்டிலேயே எழுதினார்கள். 1984இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் அலெக்சாண்டர் ஆஸ்டின் தமது ஈடுபாட்டுக் கோட்பாட்டை முன்வைத்தபோது, ஈடுபாடு என்பது கல்லூரி அனுபவத்தில் மாணவர் செலுத்தும் உடலாற்றலும் மன ஆற்றலும் என்று வரையறுத்து, அதற்கு அளவு, தரம் என இரண்டு பக்கங்கள் உண்டு என்றார். எத்தனை மணிநேரம் படிக்கிறார் என்பது அளவு. அந்த நேரத்தில் பொருளை உள்வாங்குகிறாரா, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு பகற்கனவு காண்கிறாரா என்பது தரம். அவர் காட்டிய இந்த எடுத்துக்காட்டில் புத்தகம் இருந்த இடத்தில் இப்போது உங்கள் கடைசி வரிசைக்காரரின் கைப்பேசி இருக்கிறது.

நடைமுறைக்கு வந்த மாதிரிகளில் பிரிட்டனில் பல்கலைக்கழகங்கள் மாணவருக்கு வழங்கும் உயர்கல்விச் சாதனை அறிக்கையை (HEAR) நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். பட்டத்தை முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று ஒற்றைச் சொல்லில் அடக்குவது போதாது என்ற எண்ணத்தில், 2007இல் லெஸ்டர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ராபர்ட் பர்ஜெஸ் தலைமையிலான குழு அதைப் பரிந்துரைத்தது. 2012ஆம் கல்வியாண்டில் சேர்ந்த மாணவர்களிலிருந்து அதைப் பரவலாக்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்கள் ஊக்குவிக்கப்பட்டன. அதில் 6.1 என்ற பகுதி பாடத்துக்கு வெளியே நடப்பவற்றுக்கானது. மதிப்பெண் இல்லாத பொறுப்புகள், மதிப்பீடு செய்யப்பட்ட கூடுதல் பயிற்சிகள், பரிசுகள் ஆகியவை அங்கே இடம்பெறலாம். ஆனால் நிறுவனம் தானே சரிபார்த்தவை மட்டுமே அங்கே செல்லும். மாணவர் தம்மைப் பற்றி எழுதிக்கொள்பவற்றுக்கு அந்தப் பகுதியில் இடமில்லை. கல்லூரியின் முத்திரை, கல்லூரிக்கு உறுதியாகத் தெரிந்தவற்றின்மீது மட்டுமே விழ வேண்டும் என்ற இந்த ஒரு விதியை நீங்கள் கடைப்பிடித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

பதிவுக்கு இரண்டு பகுதிகள் இருக்கட்டும். முதற்பகுதி கல்லூரி உறுதி செய்தது. இரண்டாம் பகுதி மாணவர் எழுதியது. இரண்டுக்கும் எழுத்துருவிலும் தலைப்பிலும் வேறுபாடு பளிச்சென்று தெரிய வேண்டும்.

முதற்பகுதியில் ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காட்டுகிறேன். வழக்கமாக எழுதுவது இப்படி இருக்கும்: “நாடக மன்றம், உறுப்பினர், 2 ஆண்டுகள்.” இதைப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: “நாடக மன்றத்தில் இரண்டாம் ஆண்டு ஒளியமைப்புப் பொறுப்பேற்று, 2 முழுநீள நாடகங்களுக்குக் காட்சிவாரியான ஒளிக் குறிப்பேடு தயாரித்தார், முதலாமாண்டு மாணவர் 3 பேருக்கு அப்பணியைக் கற்றுக்கொடுத்தார். உறுதி செய்தவர்: நாடகத்தின் இயக்குநர்.” இதில் புகழுரை ஒன்றுகூட இல்லை. ஆனாலும் அந்த மாணவர் எப்படிப்பட்டவர் என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது.

உறுதி செய்வது யார் என்பதில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கும். மன்றத்தின் பொறுப்பாசிரியர் ஆண்டு இறுதியில் பட்டியலை மொத்தமாக வாங்கி, பார்த்தும் பாராமலும் கையொப்பமிட்டு அனுப்புவதுதான் பெரும்பாலான இடங்களில் நடக்கிறது. அந்தக் கையொப்பத்துக்கு மதிப்பில்லை. படிவத்தில் கையொப்பத்துக்கு மேலே ஒரு வரி சேருங்கள்: இதை நான் நேரில் பார்த்தேன், ஆவணத்திலிருந்து அறிந்தேன், பிறர் சொல்லி அறிந்தேன் என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்லுங்கள். மூன்றாவதைக் குறித்துவிட்டுக் கையொப்பமிட எவருக்கும் மனம் வராது. நேரில் பார்த்தவரைத் தேடி அவர்களே படிவத்தை அனுப்பிவிடுவார்கள். பணி முடிந்த இரண்டு வாரத்துக்குள் பதிவு நடந்துவிட வேண்டும் என்பதையும் விதியாக்குங்கள், ஏனெனில் அடுத்த செயலாளர் வந்தபின் முந்தைய ஆண்டில் யார் என்ன செய்தார் என்பதைச் சொல்ல ஆளிருக்காது.

---

மழைக்குருவி எழுதியது:

வணக்கம். நான் இறுதியாண்டு மாணவி. பழஞ்சுவடி ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு முழுவதும் மன்றங்களைச் சுற்றியே நடப்பதால் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது.

மாலையில் மன்றக் கூட்டம் நடக்கும் நேரத்தில் கடைக் கல்லாவில் நிற்கும் மாணவர்கள் எங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். வீட்டில் படுக்கையில் இருக்கும் பாட்டியைப் பார்த்துக்கொண்டு, தம்பியின் பாடங்களையும் கவனித்துக்கொண்டு, அதற்குப் பிறகு தம் புத்தகத்தைத் திறப்பவர்கள் இருக்கிறார்கள். நேரம் தவறாமை, கோபப்படும் வாடிக்கையாளரிடம் பொறுமையாகப் பேசுவது, கணக்கில் பிசகு வந்தால் பதற்றமின்றிச் சரிசெய்வது என்று நேர்காணலில் எவையெல்லாம் கேட்கப்படுகின்றனவோ அவற்றையெல்லாம் அவர்கள் அங்கேதான் கற்கிறார்கள். ஆனால் கல்லூரி தரப்போகும் ஆவணத்தில் அவர்களுடைய பக்கம் வெறுமையாக இருக்கும். ஏற்கெனவே வசதியும் நேரமும் உள்ளவருக்கு இன்னொரு சான்றும், இல்லாதவருக்கு ஒரு வெற்றுத் தாளும் கொடுப்பதாக இந்தத் திட்டம் முடிந்துவிடக் கூடாது. வேலை கொடுத்தவரோ, வீட்டுப் பொறுப்பை அறிந்த ஆசிரியரோ உறுதி செய்தால் அவற்றையும் சேர்க்கலாம் என்று விதியிலேயே எழுதிவிட முடியாதா?

இரண்டாவதாக, மாணவர் எழுதும் பகுதியைப் பற்றி. எங்களிடம் இப்போதே நிகழ்ச்சிக்குப் பின் கருத்துரை கேட்கிறார்கள். “இந்நிகழ்ச்சியின் மூலம் எனது தலைமைப் பண்பையும் குழு மனப்பான்மையையும் வளர்த்துக்கொண்டேன்” என்ற வாக்கியத்தை முதலில் எழுதியவர் யார் என்று எங்களில் எவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் மூத்தவர்களிடமிருந்து இளையவர்களுக்கு அது அப்படியே வந்து சேர்கிறது. ரத்ததான முகாமுக்கும் அதுதான், வினாடி வினாவுக்கும் அதுதான். கேள்வி மாறாதவரை பதிலும் மாறாது என்பதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

---

நேர்முகம் எழுதியது:

நான் நிறுவனம் ஒன்றில் புதிய பட்டதாரிகளைத் தேர்வு செய்யும் குழுவில் இருக்கிறேன். நீங்கள் தயாரிக்கும் ஆவணம் கடைசியில் என்னைப் போன்றவர்களின் மேசைக்குத்தான் வரும் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

“மொத்தப் புள்ளிகள் 340” என்று ஒரு தாளில் இருந்தால் அது எனக்கு எதையும் சொல்வதில்லை. எத்தனைக்கு 340, யார் வைத்த அளவுகோல், இன்னொரு கல்லூரியின் 340க்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்டுக்கொண்டிருக்க எங்களுக்கு நேரமில்லை. அதற்காக எண்களே வேண்டாம் என்று சொல்லிவிடவும் மாட்டேன். செய்த வேலையின் அளவைக் காட்டும் எண்கள் மிகவும் பயன்படுகின்றன: எத்தனை பேர் கொண்ட குழு, எவ்வளவு பணத்துக்குக் கணக்கு வைத்தார், எத்தனை மாதம் பொறுப்பில் இருந்தார் என்பவை வரியிலேயே இருந்தால் அங்கிருந்து என் கேள்வியைத் தொடங்கிவிடுவேன். மேலே காட்டப்பட்ட ஒளியமைப்பு வரியைப் படித்ததும் எனக்கு மனத்தில் எழுந்த கேள்வி, “காட்சி நடந்துகொண்டிருக்கும்போது ஒரு விளக்கு எரியாமல் போனால் என்ன செய்வீர்கள்?” என்பதுதான். வேலையை உண்மையாகச் செய்தவர் அதற்குத் தயங்காமல் பதில் சொல்வார்.

ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மிகவும் பொருளுள்ள ஐந்தாறு பதிவுகளை மாணவரே தேர்ந்தெடுத்து முன்பக்கத்தில் வைக்கட்டும். முழுப் பட்டியல் பின்னிணைப்பாக இருந்துவிட்டுப் போகட்டும். எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதிலேயே அவரைப் பற்றி எங்களுக்குப் பாதி தெரிந்துவிடும்.

மழைக்குருவி குறிப்பிட்ட கடைக் கல்லா அனுபவத்தை நான் மன்றப் பொறுப்புக்குக் குறைவாக ஒருபோதும் மதிப்பிட்டதில்லை.

---

நிழற்குடை எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரண்டு பகுதிகள் என்ற அமைப்பை வரைவில் சேர்த்துவிட்டேன். பகுதிநேர வேலையையும் குடும்பப் பொறுப்பையும் சேர்ப்பது பற்றிக் குழுவில் பேசினேன். வேலையைப் பொறுத்தவரை எதிர்ப்பில்லை, குடும்பப் பொறுப்பை ஆவணத்தில் எழுதுவது அந்தரங்கத்தில் தலையிடுவதாகுமோ என்று ஒரு பேராசிரியர் தயங்குகிறார்.

இன்னும் மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டிருக்கிறேன். நிர்வாகத்துக்கு ஆண்டறிக்கையில் காட்டவும், சிறந்த மாணவர் விருதுக்கும் ஏதாவது ஓர் எண் வேண்டும். புள்ளியை அவர்கள் எளிதில் விடமாட்டார்கள். வளர்ச்சிக்கு முன்னும் பின்னும் மாதிரி வேண்டும் என்றீர்களே, அதை மாணவரிடம் எப்படிக் கேட்டு வாங்குவது? கடைசியாக, மன்றத்துக்குள் மனத்தாங்கல் ஏற்பட்டு, செயலாளர் வேண்டுமென்றே உறுதி செய்ய மறுத்தால் என்ன செய்வது?

---

பழஞ்சுவடி எழுதியது:

நிர்வாகத்துக்கு எண் வேண்டுமென்றால் கொடுத்துவிடுங்கள் ஐயா, ஆனால் தனி மாணவரின் ஆவணத்தில் அது ஏற வேண்டாம். எத்தனை விழுக்காட்டு மாணவர்களுக்கு ஒரு பதிவாவது இருக்கிறது, எந்தத் துறையினரின் பக்கம் வெறுமையாக இருக்கிறது, விடுதியில் தங்குவோருக்கும் வெளியிலிருந்து வருவோருக்கும் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பவை கல்லூரி தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டிய கணக்குகள். மாணவி எழுப்பிய கவலை உண்மையா என்பதும் அந்தக் கணக்கில்தான் தெரியவரும். விருதைப் பொறுத்தவரை, பதிவுகளைப் படித்துப் பார்த்து முடிவெடுக்க மூன்று பேர் கொண்ட குழு போதும். புள்ளிக்கு விருது என்று அறிவித்துவிட்டால், அடுத்த பருவத்திலேயே ஒருவர் எட்டு மன்றங்களில் பெயர் கொடுத்துவிட்டு எதிலும் தலைகாட்டாமல் இருப்பதைக் காண்பீர்கள்.

வேலை பற்றி இன்னொன்று. கல்லூரி வளாகத்திலேயே பகுதிநேர வேலை பார்ப்பது, மாணவர் படிப்பை இடையில் விடாமல் தொடர்வதற்குத் துணை நிற்கிறது என்பதும், வெளியே முழுநேர வேலை பார்ப்பது அதற்கு எதிராகப் போகிறது என்பதும் ஆஸ்டின் தம் ஆய்வுகளில் கண்டவை. ஆகவே வேலையைப் பதிவில் சேர்ப்பது சலுகை ஆகாது. நூலகத்திலோ ஆய்வகத்திலோ வேலை பார்க்கும் மாணவரின் பணியை மன்றப் பொறுப்புக்கு இணையாகவே எழுதுங்கள். குடும்பப் பொறுப்பு விஷயத்தில் பேராசிரியரின் தயக்கம் நியாயமானது. கல்லூரி அதைக் கேட்கவும் கூடாது, சரிபார்க்கவும் கூடாது. மாணவர் விரும்பினால் இரண்டாம் பகுதியில் தாமே எழுதட்டும். அது கட்டாயமில்லை என்று படிவத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். மருத்துவம், ஒழுங்கு நடவடிக்கை, உளவள ஆலோசனை ஆகியவை தொடர்பான எதுவும் இந்த ஆவணத்தின் அருகில்கூட வரக் கூடாது.

வளர்ச்சிக்கு வருகிறேன். அந்த வழிவழி வாக்கியம் எல்லாக் கல்லூரிகளிலும் உலவுகிறது. மாணவி சொன்னதுபோல் குற்றம் கேள்வியில்தான் இருக்கிறது. “என்ன கற்றீர்கள்?” என்று கேட்டால் பண்புப் பெயர்களின் பட்டியல்தான் வரும். அமெரிக்கக் கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் 1970இல் வகுத்த மூன்று கேள்விகள் இன்றும் கைகொடுக்கின்றன: என்ன நடந்தது, அதனால் என்ன, இனி என்ன? முதற்கேள்விக்குப் பதிலாக ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். விருந்தினர் வராமல் போன நாள், இரண்டு உறுப்பினர்கள் பேசிக்கொள்ளாமல் இருந்த வாரம், கணக்கு இடித்த இரவு என்று ஏதாவது ஒன்று இல்லாத மன்றம் கிடையாது. சம்பவத்தை எழுதியவர் அதன் கீழே வெற்றுப் பண்புப் பெயரை ஒட்டக் கூச்சப்படுவார். நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி கேட்காமல் பருவத்துக்கு ஒருமுறை கேட்டால் போதும்; அடிக்கடி கேட்பதுதான் நகலெடுக்கத் தூண்டுகிறது.

மாதிரிகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியதில்லை, வேலையிலிருந்தே அவை கிடைக்கும். செயலாளர் பொறுப்பேற்ற முதல் மாதம் எழுதிய கூட்டக் குறிப்பையும், பத்தாவது மாதம் எழுதிய கூட்டக் குறிப்பையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவதில் “நிகழ்ச்சி பற்றி விவாதிக்கப்பட்டது” என்றிருக்கும். பின்னதில் என்ன முடிவானது, யாரிடம் எந்த வேலை கொடுக்கப்பட்டது, எந்த நாளுக்குள் முடிய வேண்டும் என்பவை இருக்கும். அந்த இரண்டு தாள்களே சாட்சி. அதேபோல் முதல் வரவு செலவுத் திட்டமும் கடைசி வரவு செலவுத் திட்டமும், முதல் சுவரொட்டியும் கடைசிச் சுவரொட்டியும் சான்றாகும். கல்லூரி செய்ய வேண்டியது, இவை வாட்ஸ்அப்பில் தொலைந்து போகாமல் ஒவ்வொரு மன்றத்துக்கும் ஒரு கோப்புறை வைத்துக் காப்பது மட்டுமே.

அளவுகோல் ஒன்று கட்டாயம் வேண்டும் என்று குழு வற்புறுத்தினால், அமெரிக்கக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 2009இல் வெளியிட்ட மதிப்பீட்டு அட்டவணைகளைப் பாருங்கள். குழுப்பணிக்கான அட்டவணை, கூட்டத்தில் பங்களிப்பது, பிறரைப் பங்களிக்க வைப்பது, கூட்டத்துக்கு வெளியே தம் வேலையை முடிப்பது, நல்ல சூழலைப் பேணுவது, பிணக்கு வரும்போது நடந்துகொள்ளும் முறை என்ற ஐந்தையும் நான்கு படிநிலைகளில் விவரிக்கிறது. அதை ஆசிரியர் மதிப்பெண் போடப் பயன்படுத்தாமல், ஆண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் மாணவர் தம்மைத் தாமே இடங்காணப் பயன்படுத்தினால் நல்லது. வியப்பு என்னவென்றால், நன்றாக வேலை செய்த சிலர் ஆண்டு முடிவில் தம்மை ஒரு படி கீழே குறிப்பார்கள். வேலை எவ்வளவு பெரிது என்று தெரிந்துகொண்டதன் அடையாளம் அது. அதைச் சரிவு என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள்.

செயலாளர் மறுக்கும் சிக்கலுக்கு விதியை இப்போதே எழுதிவிடுங்கள். மறுப்பவர் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாணவர் முப்பது நாளுக்குள் வேறொரு நேரடிச் சாட்சியின் பெயரைக் கொடுக்கலாம். அவரும் இல்லையென்றால் அந்த வரி கல்லூரியின் பகுதியில் ஏறாது, ஆனால் மாணவரின் பகுதியில் அவர் பெயரில் இருக்கலாம்.

---

மழைக்குருவி எழுதியது:

நன்றி ஐயா. ஒரே ஒரு கேள்வி. கல்லூரியை விட்டுப் போன பிறகு இந்தப் பதிவு யாருடையது? எங்களுக்கு முந்தைய தொகுதியினருக்கு இணையதளத்தில் ஒரு கணக்கு இருந்தது; மென்பொருள் ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாம் மறைந்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

---

பழஞ்சுவடி எழுதியது:

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் அம்மா, ஒப்பந்தம் போடுவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. ஃபயர்பாக்ஸ் உலாவியை உருவாக்கிய மொசில்லா அமைப்பு 2011இல் அறிமுகப்படுத்திய திறந்த மின்பட்டய முறையை (Open Badges) எடுத்துக்கொள்ளுங்கள். வழங்கியவர் யார், எந்தத் தகுதிக்காக வழங்கினார், எப்போது வழங்கினார் என்ற விவரங்களும், சான்றுக்கான இணைப்பும் அந்தப் பட்டயத்துக்குள்ளேயே பொதிந்திருக்கும். மாணவர் அதைத் தம்மிடம் வைத்துக்கொண்டு எங்கு வேண்டுமானாலும் காட்டலாம். அத்தகைய பொதுத் தரத்தில் பதிவுகளை வெளியே எடுக்க முடியாத மென்பொருளை வாங்க வேண்டாம் என்று உங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள்.

அது கைகூடாத கல்லூரியில்கூட, பட்டமளிப்பின்போது மின்னொப்பமிட்ட பிடிஎஃப் கோப்பு ஒன்றை மாணவர் கையில் கொடுத்துவிட்டு, அதன் நகலை மதிப்பெண் பதிவேடு இருக்கும் அதே இடத்தில், அதே கால அளவுக்குப் பாதுகாக்கலாம். இணைப்புகளை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். கூட்டக் குறிப்பு, ஒளிக் குறிப்பேடு போன்ற சான்றுகளின் நகல்களையும் அந்தக் கோப்புக்குள்ளேயே சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.